பாடகர் இல்லாத தட்டு

தட்டுகளின் கதை - 17

சென்ற இதழில் ஹவாய்த் தீவிலிருந்து கல்கத்தா வந்து, மடியில் மல்லாத்தி வைத்து வாசிக்கப்பட்ட கிடாரின் கதையைப் பார்த்தோம். சுனில் கங்குலியும் வான் ஷிப்லியும் இந்திப் பாட்டுகளைச் சொல் இல்லாமல் கிடாரிலேயே வாசித்துத் தட்டுத் தட்டாக வெளியிட்டதோடு அத்தியாயம் முடிந்தது. அதைப் படித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘தமிழில் அப்படி யாருமே இல்லையா?’

இருந்தார்கள். இருக்கிறார்கள். ஆனால் தட்டு உறையில் பெயரைத் தேடினால் அகப்பட மாட்டார்கள். அவர்களைத் தேடி நாம் மேற்கு மலைக்குப் போக வேண்டும். வடக்கே பாலக்காட்டுக் கணவாய். தெற்கே போடி மெட்டு. இந்த வாரக் கதை அந்த இரண்டு வாசல்களிலும் தொடங்குகிறது.

எல்லையில் இரண்டு ஊர்

பாலக்காட்டிலிருந்து கிழக்கே, வாளையாரை நோக்கி வரும் சமவெளியில் இருக்கிறது எலப்புள்ளி. நெல்வயல், கரும்பனை, கணவாய் வழியே வீசும் காற்று. 1928 ஜூன் 24 அன்று எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்தபோது அந்த ஊர் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலக் கோடு கிழிக்கப்பட்டு ஊர் கேரளத்துக்குப் போனபோது, அவர் ராமமூர்த்தியோடு சேர்ந்து தமிழ்ப் படங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தார்.

தெற்கே வெகுதூரம் தள்ளிப் பண்ணைப்புரம். அன்றைய மதுரை மாவட்டம், இன்றைய தேனி. ஊரில் எங்கே நின்று மேற்கே பார்த்தாலும் சுவர் எழுப்பியதுபோல் மலை. அந்தச் சுவருக்கு அப்பால் ஏலத்தோட்டங்கள், அதற்கும் மேலே மூணாறின் தேயிலை. கீழே மழை பொய்த்தால் இந்தப் பக்கத்து ஜனம் மேலே ஏறும். மேலே பறித்த தேயிலையோ டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து போடி. கோடு போடப்பட்ட பிறகும் ஆள் ஏறுவது நிற்கவில்லை.

1958இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தது. முந்தைய ஆண்டுதான் ஈ.எம்.எஸ். தலைமையில் கேரளத்தில் கம்யூனிஸ்டு அரசு அமைந்திருந்தது. தேவிகுளத்தில் வென்றிருந்த ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, மறுபடியும் அவரே களத்தில் நின்றார். தோட்டங்களில் வாக்காளர்கள் பெரும்பாலும் தமிழர்கள். மலையாளத்தில் பேசி அவர்கள் மனதை அசைப்பது கஷ்டம். பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடு மலையேறினார். ஜனத்துக்குத் தெரிந்த சினிமா மெட்டு, அதில் கட்சிக்குத் தோதான புது வரிகள். ரோசம்மா மறுபடி வென்றார். அந்தப் பாட்டுகளுக்கு வெற்றியில் பங்குண்டு என்று இன்றுவரை மலையின் இரு பக்கத்திலும் சொல்கிறார்கள்.

அந்தக் காலத்தில்தான் பதினைந்தை நெருங்கிக்கொண்டிருந்த தம்பி ராசையா, அண்ணனின் குழுவோடு ஊர் ஊராகப் போகத் தொடங்கினார். கூட்டம் முடிந்து கலையும் ஜனம் ‘பாவலர் நல்லாப் பாடினாருப்பா’ என்று சொல்லும். ஆர்மோனியம் யார், தபலா யார் என்று கேட்பவர் கிடையாது. பக்கவாத்தியக்காரர் படிக்கும் முதல் பாடம் அதுதான்.

கிளப்பில் ஒரு பெட்டி

தேவிகுளம் மலைக்குக் கிடார் வந்த வழி வேறு. மூணாறில் வெள்ளைக்காரத் துரைமார் 1909இல் ஹை ரேஞ்ச் கிளப்பைத் தொடங்கினார்கள். தோட்டத்து கிளப் என்றால் பில்லியர்ட்ஸ் மேசை, மதுக்கூடம், மூலையில் பாட்டுப்பெட்டி எல்லாம் உண்டு. துரைமார் போன பிறகும் பெட்டி போகவில்லை. 1950களில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை வந்தபோது, தட்டு வாங்கக் காசில்லாதவர் காதுக்கும் அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு எட்டியது. அந்த அலையில் கேரளத்திலும் இலங்கையிலும் ஆழமாக வேர்விட்டவர் ஜிம் ரீவ்ஸ். 1963இல் அவர் வெளியிட்ட கிறிஸ்துமஸ் தட்டு, மலைநாட்டுக் கிறித்தவ வீடுகளில் டிசம்பர் மாதத்து அப்பத்தோடும் கறியோடும் சேர்ந்துவிட்ட ஒன்று.

ஜிம் ரீவ்ஸைக் கேட்டவர்கள் அவரை மட்டும் கேட்கவில்லை. அந்த வெல்வெட்டுக் குரலுக்குக் கீழே ஒரு கிடார் நடந்துகொண்டே இருக்கும், ஒரு பியானோ ஓரமாகச் சிணுங்கும். பியானோ ஃபிளாய்ட் கிரேமர். தட்டைத் தயாரித்தவர் செட் அட்கின்ஸ், அவரே பெரிய கிடார்க்காரர். 1956இலேயே ‘ஃபிங்கர் ஸ்டைல் கிடார்’ என்று ஒரு குரலும் இல்லாத தட்டு போட்டவர். ஆக, எஸ்டேட் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடகரை ரசித்தவர் காதில், அவரை அறியாமலே கன்ட்ரி கிடாரின் பாடம் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த வாசிப்பில் அப்படி என்ன விசேஷம்? கட்டைவிரல் ஒரு ஆள், மற்ற விரல்கள் இன்னொரு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் தடித்த தந்திகளில் ஒன்று விட்டு ஒன்றாக, மாட்டுவண்டி போவதுபோல் ‘டும் - டக் - டும் - டக்’ என்று போய்க்கொண்டே இருக்கும். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் அதைக் கண்டுகொள்ளாமல் மெல்லிய தந்திகளில் மெட்டைப் பாடும். கண்ணை மூடிக் கேட்டால் இரண்டு பேர் வாசிப்பதாகத் தோன்றும். கென்டக்கி நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் பிறந்த மெர்ல் டிராவிஸ் இந்த முறையைப் பிரபலமாக்கினார். சிறுவன் செட் அட்கின்ஸ் அதைக் கேட்டது வானொலியில். டிராவிஸ் கட்டைவிரலையும் ஒரே ஒரு விரலையும் வைத்துத்தான் அத்தனையும் வாசித்தார். அட்கின்ஸுக்கு விரல் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. இவ்வளவு ஸ்வரம் வருவதற்குக் குறைந்தது மூன்று விரலாவது வேண்டும் என்று அவராக ஊகித்து அப்படியே பழகினார். அந்தத் தப்புக் கணக்கிலிருந்துதான் அவருடைய தனிப் பாணி பிறந்தது. குரு யார் கண்ணிலும் படாத வித்தையில் இப்படிச் சில லாபங்கள் உண்டு. இலங்கை வானொலியில் கிடார் கற்ற நம்மூர் ஆட்களுக்கு இது புரியும்.

மூன்று மணி நேரம், நான்கு பாட்டு

அட்கின்ஸ் வேலை பார்த்த நாஷ்வில் நகரத்தையும் ஒரு எட்டு பார்த்துவிடுவோம். அங்கே ஒரு செஷன் என்றால் மூன்று மணி நேரம். அதற்குள் நான்கு பாட்டை முடிப்பது வழக்கம். பாடகர் வருவார், போவார். வாத்தியக்காரர்கள் மட்டும் அதே ஆட்கள். கிரேடி மார்ட்டின், ஹாங்க் கார்லண்ட், ஹரால்ட் பிராட்லி கிடாரில். பாப் மூர் பேஸில். படி ஹார்மன் டிரம்ஸில். ‘ஏ டீம்’ என்று ஊர் அவர்களை அழைத்தது. காலையில் ஒரு ஸ்டுடியோ, மத்தியானம் இன்னொன்று, ராத்திரி மூன்றாவது.

அத்தனை வேகத்தில் யார் நொட்டேஷன் எழுதிக்கொண்டிருப்பார்கள்? 1950களின் கடைசியில் நீல் மேத்யூஸ் என்ற பாடகர் ஒரு சுருக்கெழுத்து கண்டுபிடித்தார். ஸ்ருதி எதுவானாலும் முதல் ஸ்வரத்துக்கு 1, நான்காவதற்கு 4, ஐந்தாவதற்கு 5. பாடகர் கட்டையை ஏற்றினாலும் இறக்கினாலும் தாள் மாறாது. ஒரு பாட்டு முழுக்க ஒரு துண்டுக் காகிதத்தில் அடங்கிவிடும். நமக்கு இது புதுசே இல்லை. சட்ஜத்தை எங்கே வைத்தாலும் பஞ்சமம் பஞ்சமம்தான். நாம் ஸ, ம, ப என்றதை அவர்கள் 1, 4, 5 என்றார்கள்.

இந்த ஆட்கள் அடுத்தவர் தட்டில் வாசித்ததோடு நிற்கவில்லை. 1960இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் வாசிக்கப் போனார்கள். கலவரத்தில் விழா நின்றுபோனது. தங்கியிருந்த வீட்டுத் திண்ணையிலேயே வாசித்துப் பதிவு செய்து, ‘கலவரத்துக்குப் பிறகு’ என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு தட்டாக்கிவிட்டார்கள். அடுத்த தலைமுறை செஷன் ஆட்கள் 1969இல் ஒன்றுசேர்ந்து, ஊரின் தொலைபேசிக் குறியீட்டு எண்ணையே பெயராக்கி ‘ஏரியா கோட் 615’ என்று ஒரு குழுவும் ஒரு தட்டும் போட்டார்கள். பிறர் பாட்டுக்குப் பின்னால் நின்றவர்கள் சொந்தப் பெயரில் முன்னால் வந்தார்கள்.

இதே காலத்தில் கோடம்பாக்கத்தில் என்ன நடந்தது?

ஒரே மூச்சில் ஒரு பாட்டு

1964இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில், பாட்டு எப்படிப் பதிவாகிறது என்று காட்டும் ஒரு காட்சி உண்டு. மைக்கின் முன் டி.எம். சௌந்தரராஜன். குழுவின் முன்னால் நின்று கையசைத்து நடத்துபவர் எம்.எஸ். விஸ்வநாதன். அந்தப் பாட்டை எல்லோரும் நாகேஷின் ஆட்டத்துக்காகப் பார்த்திருப்பீர்கள். இன்னொரு முறை பார்க்கும்போது பின்வரிசையைப் பாருங்கள். வெள்ளைச் சட்டைகள், வயலின் கும்பல், வாத்தியத்துக்கு மேல் குனிந்த தலைகள். தமிழ்த் திரையில் அவர்கள் முகம் தெரிந்த அபூர்வமான சில நிமிடங்கள் அவை.

அன்றைய பதிவு முறையைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். தனித்தனி டிராக் கிடையாது. பாடகர், வயலின், தபலா, கிடார் எல்லோரும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில். சில முறை மானிட்டர் பார்த்துவிட்டு டேக். முதல் பாதியைப் பாடகர் உயிரைக் கொடுத்துப் பாடியிருப்பார். கடைசிச் சரணத்துக்கு முன் கிடார்க்காரர் ஒரு தந்தியைத் தப்பாகத் தொட்டால் தொலைந்தது. நாற்பது பேரும் முதலிலிருந்து. கன்டக்டரின் பார்வை ஒரு கணம் அந்தக் கிடார்க்காரர் மேல் படியும், அவ்வளவுதான் திட்டு. அதனால்தான் அந்தக் கூடத்தில் கிடார் பிடித்து இருபது வருஷம் தாக்குப்பிடித்தவர் என்றால் கை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

எம்.எஸ்.வி.யின் கிடார் பிலிப்ஸ். டிரம்ஸ் நோயல் கிராண்ட். அக்கார்டியன் மங்களமூர்த்தி. மேற்கத்திய அமைப்புகளை எழுத ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா. ஆங்கிலோ இந்தியர், கிறித்தவர், நாதஸ்வரக் குடும்பத்தார், தபலா உஸ்தாதிடம் படித்தவர் எல்லாம் ஒரே பெஞ்சில். எலப்புள்ளிக்காரர் ஆர்மோனியத்தில் விரலை ஓடவிட்டபடியே மெட்டைக் கொட்டுவார். அதைத் தாளில் பிடிப்பது இவர்கள் பாடு. ‘த்ரில்லிங் தீமாடிக் டியூன்ஸ்’ என்று பாடகர் இல்லாத தட்டு ஒன்றையும் எம்.எஸ்.வி. போட்டார். படத்தில் துப்பாக்கிக்கும் துரத்தலுக்கும் பின்னால் ஒலித்த அந்த வகை வாசிப்பு, அதில் தானே கதாநாயகன். ஆனால் உறையில் பெரிதாக இருப்பது இசையமைப்பாளர் பெயர்தான்.

பெயர் இருக்கட்டும், கூலி? ஒரு நாள் கால்ஷீட்டுக்கு இவ்வளவு, வேலை முடிந்ததும் கையில் காசு என்ற ஒழுங்கே போராடித்தான் வந்தது. வாத்தியக்காரர்களுக்கு சென்னையில் சங்கம் கட்ட முன்னின்றவர் எம்.பி. ஸ்ரீனிவாசன். மலையாளப் படங்களுக்கு அதிகமாக இசையமைத்தவர், இடதுசாரி, சேர்ந்திசைக்காரர். மலையாளப் படங்களின் இசையும் அன்று பெரும்பாலும் சென்னையில்தான் பதிவானது. அதனால் கோடம்பாக்கத்தின் ஒரே கிடார்க்காரர் காலையில் தமிழுக்கும் மத்தியானம் மலையாளத்துக்கும் வாசிப்பார். எல்லைக்கோடு கிடார்த் தந்தியில் விழவில்லை.

கூலிக்குக் கிடார் வாசித்த ஒருவர்

1960களின் இறுதியில் பண்ணைப்புரத்து ராசையா சென்னை வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையும் நொட்டேஷனும் படித்தார். கிடாரில் லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வு எழுதித் தேறினார். பிறகு அவருக்குக் கிடைத்த வேலை, இந்தக் கதையின் நாயகர்கள் எல்லோரும் பார்த்த அதே வேலைதான்: கூப்பிட்ட இடத்துக்குக் கிடாரோடு போவது. ‘செம்மீன்’ படத்துக்கு இசையமைத்துக் கேரளத்தைக் கவர்ந்த சலீல் சௌத்ரி பின்னாளில் மலையாளப் படங்களுக்காகச் சென்னை வரும்போதெல்லாம், அவர் குழுவில் கிடார் பிடித்தவர்களில் ராசையாவும் ஒருவர். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகவும் இருந்தார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது, ராசையா இளையராஜா ஆனார். அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும்.

ஊருக்கு அவ்வளவாகத் தெரியாத பகுதி இது. கிடார்க்காரர் ஒருவர் இசையமைப்பாளரானால், கிடாருக்கு எழுதும் விதமே மாறிவிடும். அதுவரை பல பாட்டுகளில் கிடார் என்றால் தாளத்தோடு ‘ஜிங் ஜிங்’ என்று தட்டுவது, இடையில் ஒரு நகாசு வேலை. இளையராஜா விரல் விரலாக எழுதினார். காலையில் தாளில் எழுதி முடித்துவிடுவார். அவரவர் பகுதியை அவரவர் நோட்டில் காப்பி எடுத்துக்கொள்வார்கள். சசிதரனின் பேஸ் கிடார் பாட்டுக்கு அடியில் தனியாக ஒரு மெட்டே பாடும். கீபோர்டில் விஜி மானுவல், டிரம்ஸில் புருஷோத்தமன், கிடாரில் சதாவும் ஆர். சந்திரசேகரும்.

1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’. அந்தப் படத்தின் ‘இளைய நிலா’ பாட்டின் கிடார் சந்திரசேகருடையது. பாலசுப்ரமணியம் வாய் திறப்பதற்கு முன்பே அந்தப் பாட்டு பாதி ஜெயித்துவிட்டது. இரும்புத் தந்தி அக்கூஸ்டிக் கிடார், துணைக்கு யாரும் இல்லை. ஒவ்வொரு விரலும் தந்தியைத் தனித்தனியாகத் தொட்டு எடுப்பது கேட்கும். சொட்டுச் சொட்டாக விழுந்து, அடுத்த நொடி ஓட்டமெடுக்கும். மறு ஆண்டே மெட்டு ‘கலாகார்’ படத்தின் வழியாக இந்திக்குப் போனது. மொழி மாறியது, பாடகர் மாறினார், கிடாரின் அந்த நடையை மட்டும் அங்கேயும் விட்டுவிட முடியவில்லை. இன்றைக்கும் கிடார் வாங்கிய பையன் முதல் ஆறு மாதத்தில் வாசித்துப் பார்க்கும் சங்கதி அது. கல்லூரி விழாக்களில் அதை வாசித்துக் கைதட்டு வாங்கிய எத்தனை பேருக்குச் சந்திரசேகர் பெயர் தெரியும்? படத்தில் கிடாரோடு நிற்பது மோகன். ‘மூடுபனி’யில் பிரதாப் போத்தன். கிடார் என்றதும் நம் நினைவுக்கு வரும் முகங்கள் நடிகர்களுடையவை.

பாடகர் இல்லாத தட்டையும் இளையராஜா போட்டார். 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’. பாக்கும் தியாகராஜரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதுபோல் ஒரு தட்டு. அதன் வயலின் வி.எஸ். நரசிம்மன். பாலு மகேந்திரா ‘வீடு’ படத்துக்குத் தனியாக இசை வேண்டாம், இதுவே போதும் என்று இந்தத் தட்டிலிருந்தே எடுத்துக்கொண்டார். 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’. வயலினுக்கு ஒன்று, குழலுக்கு ஒன்று. மூன்றாவதாகக் கிடாருக்கு ஒன்று வந்திருக்கலாம். கிடாராலேயே சோறு தின்ற மனிதர் கிடாரை முன்னிறுத்தி அப்படி ஒரு தட்டு போடவில்லை என்பது எனக்கு இன்றும் ஒரு குறை.

அமெரிக்காவின் பெயர்பெற்ற செஷன் கிடார்க்காரர்களில் ஒருவரான ரை கூடர், ராஜஸ்தானத்து விஸ்வ மோகன் பட்டோடு வாசித்த தட்டு 1993இல் வெளிவந்து மறு ஆண்டு கிராமி விருது பெற்றது. ஒரு தேவாலயத்தில் அவர்களை உட்காரவைத்துப் பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். ஹவாயிலிருந்து கல்கத்தா வந்த கிடாரும், ஹவாயிலிருந்து அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போன கிடாரும் அங்கே சந்தித்துக்கொண்டன. கோடம்பாக்கத்துக் கிடாருக்கு அப்படியொரு நாற்காலியை யாரும் போடவில்லை.

கேட்டவர்களுக்கு ஒரு பட்டியல்

அப்படியானால் தமிழில் கிடார் தட்டே இல்லையா? இருக்கிறது, உதிரி உதிரியாக. ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவிக்கு முன் ஒரு தொடக்க இசை, பல்லவி முடிந்து ஓர் இடையிசை, சரணம் முடிந்து இன்னொன்று. ஒவ்வொன்றும் இருபது முப்பது விநாடி. பாடகர் மூச்சு வாங்கும் அந்த இடைவெளியில்தான் நம்முடைய வாத்தியக்காரர்கள் தங்கள் தனித்தட்டை வாசித்துவைத்தார்கள். அமெரிக்காவில் செஷன் ஆட்கள் பாட்டுக்கு வெளியே வந்து தட்டு போட்டார்கள். இங்கே பாட்டுக்கு உள்ளேயே, துண்டு துண்டாக.

எண்பதுகளில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வெற்று கேசட் ஒன்றும், பாட்டுப் பட்டியல் எழுதிய காகிதம் ஒன்றும் கொடுத்தால் நாலு நாளில் பதிந்து கொடுப்பார்கள். கம்பத்திலும் போடியிலும் அப்படிப் பதிந்த கேசட்டுகள்தான் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போயின. வாளையார் தாண்டிப் போன லாரிகளிலும் அவைதான். இந்த வாரம் நீங்களும் அப்படி ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். ஒரே நிபந்தனை: பாட்டு வேண்டாம். கிடார் கேட்கும் தொடக்க இசையும் இடையிசையும் மட்டும். பாடகர் வாயைத் திறக்கும் முன் வெட்டிவிட வேண்டும். எம்.எஸ்.வி. காலத்தில் தொடங்கி எண்பதுகளின் முடிவுக்கு வாருங்கள். ஒரு பக்கம் நிறைந்து கேசட்டைத் திருப்பிப் போட வேண்டியிருக்கும்.

அட்டையில் எழுதும்போது படத்தின் பெயரை எழுதாதீர்கள். பாடகர் பெயரும் வேண்டாம். பிலிப்ஸ், சதா, சந்திரசேகர் என்று தெரிந்த பெயரை எழுதுங்கள். தெரியாத இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்து, அந்தக் காலத்துக் கூடங்களில் வாசித்த யாராவது இன்னும் உங்கள் தெருவில் இருந்தால் போய்க் கேளுங்கள். ‘தமிழில் யாருமே இல்லையா’ என்று கேட்டவர்களுக்கு என்னிடமிருந்து இதுதான் பதில்.

*அடுத்த இதழில்: வாத்தியங்களை வாடகைக்கு விட்ட வீடு. ஆர்.கே. சேகரும் மலையாளப் படங்களின் சென்னை நாட்களும்.*